புளோக்குகளுக்கு நடுவே ஒரு பூங்கா: முதல் செலவு எதற்கு?

புளோக்வாசி, 9 பிப்ரவரி

சிங்கப்பூரில் எங்கள் நாலு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளுக்கு நடுவே ஒரு பச்சைத் திடல். கிழக்கு மேற்காக 60 மீட்டர், வடக்கு தெற்காக 45 மீட்டர். மேற்கே கார் நிறுத்துமிடம், கிழக்கு ஓரத்தில் பிள்ளைகள் விளையாட்டிடம், நடுவில் உடற்பயிற்சிக் கருவிகள், தென்மூலையில் எந்நேரமும் சதசதவென்று ஈரம். வசிப்போர் குழுவில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன: ரப்பர் தளத்தை மாற்றுவது, கருவிகளைக் கூட்டுவது, வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடுவது. பூச்செடிகள்தான் முதலில் என்பது என் கட்சி. இடம் அழகானால் ஆள் தானாக வரும், பூச்சியும் வரும். மறுப்பிருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

வேரடி, 9 பிப்ரவரி

மறுக்கிறேன். சாயங்காலம் 5 மணிக்கு விளையாட்டிடத்தில் நிழல் இருக்கிறதா? பெருமழை விட்டபின் தென்மூலைத் தண்ணீர் வடிய எத்தனை மணி நேரம் ஆகிறது? இந்த இரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க வேண்டாம். வெயில் காயும் இடத்தில் எந்தக் கருவியை வைத்தாலும் அதைத் தொட ஆளிருக்காது. தண்ணீர் தேங்கும் மண்ணில் எந்தச் செடியை வைத்தாலும் வேர் அழுகும்.

வேரடி, 10 பிப்ரவரி

நேற்று அவசரமாக எழுதினேன். செய்முறை இது.

மண் சோதனைக்கு 30 செ.மீ. ஆழத்தில், 20 செ.மீ. அகலத்தில் குழி போடுங்கள். நிரம்ப ஊற்றி முழுக்க வடிய விடுங்கள், அந்தத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மறுபடி நிரப்பி, உள்ளே ஓர் அளவுகோலை நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் மரத்துக்குப் போதும். 10 மி.மீ.க்குக் கீழே என்றால் அது இறுகிப்போன களிமண். இங்கே பேட்டை எழுப்பும்போது மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி உருளை ஓட்டியிருப்பார்கள். மேலே இரண்டு விரற்கடை நல்ல மண், அதற்குக் கீழே செம்மண்ணும் கட்டடச் சல்லியும் கிடக்கும். மூன்று இடங்களிலாவது சோதியுங்கள்.

முக்கியமான ஒன்று: குழி போடுமுன் நகர மன்றத்திடம் அனுமதி வாங்குங்கள். புளோக்குகளுக்கு நடுவே மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாம் ஓடும். கையளவுக் குழிக்கே இது பொருந்தும் என்றால், மரக்குழிக்கு உரிமம் பெற்ற கேபிள் கண்டறிவாளர் வந்து பார்த்தே ஆகவேண்டும்.

தாழைமடல், 10 பிப்ரவரி

ஆட்களையும் எண்ணுங்கள் தம்பி. காலை 7, 10, மாலை 5, இரவு 8 என நாலு வேளை, வாரநாள் இரண்டு, வார இறுதி ஒன்று. எத்தனை பேர், எந்த வயது, எங்கே நின்றார்கள், வெயிலிலா நிழலிலா என்று குறியுங்கள். யாருமே போகாத மூலை எது என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் பறவைகளுக்கு அந்த மூலைதான் வேண்டும்.

புளோக்வாசி, 23 பிப்ரவரி

முடிவுகள்:
மண் (ஒரு மணி நேரத்தில்): நடுத்திடல் 40 மி.மீ., வடக்கு ஓரம் 28, தென்மூலை 6.
ஆட்கள்: மாலை 5 மணிக்கு 4 பேர். இரவு 7.45க்கு 23 பேர். காலை 7.30க்குக் கருவிகளருகே 11 பேர், எல்லாரும் கிழக்குப் புளோக்கின் நிழல் விழும் இரண்டு கருவிகளிலேயே முறை வைத்து நிற்கிறார்கள். மற்ற இரண்டும் காலி.

பூச்செடிக் கட்சியைக் கைவிடுகிறேன்.

வேரடி, 23 பிப்ரவரி

கருவி கூட்டும் யோசனைக்கு அந்த 11 பேரே விடை சொல்லிவிட்டார்கள். கருவி போதும், நிழல்தான் போதவில்லை.

இனி மரத்தை எங்கே வைப்பது? நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறத்தாழ 1 மணிக்கு. ஆகவே 4 மணிக்கு மரத்தின் உயரமும் நிழலின் நீளமும் ஏறக்குறையச் சமம். 5 மணிக்கு உயரத்தைப் போல் 1.7 மடங்கு. 8 மீட்டர் மரம் 4 மணிக்கு 8 மீட்டரும், 5 மணிக்கு 14 மீட்டரும் கிழக்கே நிழல் வீசும். பலரும் விளையாட்டிடத்தை ஒட்டியே மரம் நடுகிறார்கள். அந்த நிழல் மாலையில் விளையாட்டிடத்தைத் தாண்டிப்போய் நடைபாதையில் விழும். விளையாட்டிடத்தின் மேற்கு விளிம்பிலிருந்து 6 முதல் 8 மீட்டர் தள்ளி நடுங்கள்.

வடிகால், 24 பிப்ரவரி

வேரடி அண்ணன் கணக்கு மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் சரி. ஜூனில் சூரியன் வடக்கே சாய்வதால் நிழல் தென்கிழக்கே போகும், டிசம்பரில் வடகிழக்கே. 8 மீட்டர் மரத்துக்கு 5 மணி நிழலின் நுனி, நேர்கிழக்கிலிருந்து 6 மீட்டருக்கு மேல் விலகும். ஒற்றை மரம் நட்டால் ஆண்டில் பாதி நாள் பிள்ளைகள் வெயிலில்தான் நிற்பார்கள். ஜூன் பள்ளி விடுமுறையும் அந்தப் பாதியிலேயே வருகிறது.

வேரடி, 24 பிப்ரவரி

சரியான திருத்தம். வடக்கு தெற்காக ஒரு வரிசை வேண்டும்: மூன்று மரங்கள், 6 மீட்டர் இடைவெளி.

புளோக்வாசி, 26 பிப்ரவரி

என்ன மரம்? குழுவில் ஒருவர் தூங்குமூஞ்சி மரம் கேட்கிறார், சீக்கிரம் குடை விரிக்கும் என்று. இன்னொருவருக்குத் தெம்புசு வேண்டும்.

வேரடி, 26 பிப்ரவரி

தூங்குமூஞ்சி வேண்டாம். நல்ல மண் கிடைத்தால் குடை 30 மீட்டர் விரியும். அது பெருஞ்சாலைக்கும் பெரும்பூங்காவுக்கும் ஏற்ற மரம்.

தெம்புசு எனக்குப் பிடித்த மரம். தாவரவியல் தோட்டத்தில் நிற்கும் அந்தப் பெரிய தெம்புசுதான் ஐந்து வெள்ளித் தாளில் இருக்கிறது. கட்டை உறுதி, காற்றுக்குக் கிளை எளிதில் முறியாது, மாலையில் பூ மணக்கும், பழத்துக்கு வௌவால் வரும். ஆனால் நிதானமாக வளரும். இப்போது தொடக்கப்பள்ளி போகும் பிள்ளை நிழல் வாங்கும்போது தேசிய சேவைக்கு (கட்டாயப் படைப்பணிக்கு) கிளம்பிக்கொண்டிருக்கும்.

வரிசைக்கு மகிழம் சொல்வேன். அடர்ந்த நிழல், உயரம் அடங்கியே இருக்கும், பூவின் வாசத்தை நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் வேகமாக வளராது. அதனால் நர்சரியில் 3 மீட்டருக்குக் குறையாத கன்றாகக் கேளுங்கள்.

தாழைமடல், 27 பிப்ரவரி

மூன்றும் ஒரே இனம் வேண்டாம், ஒரு நோய் வந்தால் வரிசையே போய்விடும். அங்சானா மரங்கள் நோயில் பட்டுப்போனபோது இந்த ஊர் அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. இரண்டு மகிழம், ஒரு சலாம் மரம் வையுங்கள். சலாமின் சிறு பழங்களுக்குப் பறவைகள் வரும். ஆனால் சலாமை நடைபாதையிலிருந்து 5 மீட்டராவது தள்ளுங்கள். உதிர்ந்த பழம் மிதிபட்டால் கறை பிடிக்கும், முதியவர்களுக்கு வழுக்கும். ஒருவர் விழுந்தால் போதும், மரத்தை வெட்டச் சொல்லி மனு போகும்.

தெம்புசு ஒன்றை வடக்கு ஓரத்தில் வையுங்கள். நாளைய பிள்ளைகளுக்கும் ஒரு மரம் வேண்டுமே.

வேரடி, 1 மார்ச்

நடும்போது நடக்கும் தவறுகள், நான் அடிக்கடி காணும் வரிசையில்:

ஆழமாக நடுவது. தண்டு விரிந்து வேராகும் தூர்ப்பகுதி மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். நர்சரிப் பையிலேயே அது புதைந்திருக்கலாம், ஆகவே மேல்மண்ணைக் கையால் விலக்கித் தூரைத் தேடிப் பிடித்துவிட்டு ஆழத்தை அளவெடுங்கள். குழியின் ஆழம் தாய்மண்ணின் (கன்றின் வேரோடு பையில் வரும் மண்கட்டியின்) உயரமே, ஒரு விரல்கூட அதிகம் வேண்டாம். அகலம் மட்டும் இரண்டு முதல் மூன்று மடங்கு. களிமண்ணில் மண்வெட்டி குழியின் சுவரை வழுவழுப்பாக்கிவிடும், வேர் அதைத் துளைக்காது. கம்பியால் சுவரைக் கீறிவிடுங்கள்.

பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரை அப்படியே நடுவது. அது பின்னாளில் தண்டையே நெரிக்கும். நான்கு பக்கமும் மேலிருந்து கீழாக வெட்டிவிடுங்கள்.

முட்டுக்கம்பை இறுக்கிக் கட்டுவது. சுமத்ராக் காற்று ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் வந்து உலுக்கும், அதனால் கம்பு தேவைதான். ஆனால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், அகலப் பட்டையால், தண்டு சற்றே ஆடும்படி கட்டவேண்டும். ஆடினால்தான் அடி பருக்கும். ஓராண்டில் கட்டை அவிழ்த்தே ஆகவேண்டும்.

மூடாக்கை (மண்ணை மூடப் பரப்புவதை) எரிமலைபோல் தண்டோடு குவிப்பது. மரச்சில்லு 5 முதல் 8 செ.மீ. கனம், தண்டைச் சுற்றி 10 செ.மீ. வெற்றிடம், வட்டம் ஒரு மீட்டர் அகலம். இந்த வட்டத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தோளில் மாட்டும் புல்வெட்டியின் நைலான் இழை தண்டுப்பட்டையைச் சுற்றிச் சீவினால் இளமரம் பட்டுப்போகும். வட்டத்துக்குள் புல் இல்லையென்றால் வெட்டி கிட்டவே வராது.

வடிகால், 4 மார்ச்

தென்மூலைக்கு வருகிறேன். குழுவில் பலரும் கான்கிரீட் வாய்க்கால் கேட்பார்கள். 6 மி.மீ. இறங்கும் களிமண்ணில் வாய்க்கால் மேல்நீரை மட்டுமே கொண்டுபோகும், மண்ணுக்குள் தேங்கியது அப்படியே இருக்கும். அதைவிட அந்த மூலையை மழைத்தோட்டமாக்கலாம், அதாவது மழைநீர் இறங்கி மண்வழியே வடியும் செடிப்பள்ளம். பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழையில் ஆறு புல்வெளிமேல் ஏறும், வடிந்ததும் மக்கள் மறுபடி அங்கே நடப்பார்கள். தண்ணீர் வந்து போக இடம் விடுவதுதான் அதன் சூட்சுமம். நமக்கு அதில் ஒரு கைப்பிடி அளவு போதும்.

அடுக்குகள், கீழிருந்து மேல்: 150 மி.மீ. ஜல்லி, அதற்குள் 100 மி.மீ. துளைக்குழாய், அது அருகிலுள்ள வடிகாலுக்குப் போகும். மேலே 100 மி.மீ. பருமணல். மேலே 400 மி.மீ. மணல் கலந்த வண்டல். மண்ணின் மேல்மட்டம் சுற்றுத்தரையைவிட 150 மி.மீ. தாழ்ந்திருக்கும். அந்தப் பள்ளம் நிறைந்தபின் மிச்சம் போக ஒரு வழிவுக் குழி. வடிகாலில் இணைக்கப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிகள் உண்டு. வரைபடத்துக்கு நகர மன்றத்தின் பொறியாளர் வேண்டும், குழுவே செய்துகொள்ளும் வேலை இல்லை.

அடுக்குகளுக்கு இடையில் வடிகட்டும் துணி விரிக்கச் சொல்வார்கள். வேண்டாம். நுண்களி அதில் படிந்து அடைத்துவிடும். பருமணல் அடுக்கே வடிகட்டி.

புளோக்வாசி, 5 மார்ச்

தண்ணீரைத் தேக்குகிறோம் என்றாலே டெங்கி என்று எதிர்ப்பு வரும்.

வடிகால், 5 மார்ச்

வரட்டும், விடை இருக்கிறது. ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் வேண்டும். சரியாகக் கட்டிய மழைத்தோட்டம் சில மணி நேரத்தில் வடியும். ஒரு நாள் கழித்தும் தண்ணீர் நின்றால் எங்கோ அடைப்பு, உடனே தோண்டிப் பார்க்கவேண்டும். இப்போதுள்ள சகதியில்தான் வாரக்கணக்கில் நிற்கிறது, குளம்படி ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் தண்ணீர்.

தாழைமடல், 6 மார்ச்

குளம்படியா? எங்கள் பேட்டையில் மாடு மேய்ந்து பல காலம் ஆயிற்று, வடிகால்.

வடிகால், 6 மார்ச்

காலடி என்று திருத்தி வாசிக்கவும் அக்கா.

தாழைமடல், 6 மார்ச்

கொசுவுக்கு உண்மையான இடங்கள் வேறு. வெட்டிய மூங்கில் அடிக்கட்டை: கணுவுக்கு மேலே வெட்டினால் குழல் ஒரு டம்ளர், கணுவை ஒட்டியே வெட்டுங்கள், ஏற்கெனவே உள்ளதை மணலால் நிரப்புங்கள். விசிறிவாழை, தாழை, புரோமிலியாட் ஆகியவற்றின் இலைக்கக்கம். மரப்பொந்து. தொட்டியடித் தட்டு. புதிய செடிப் பட்டியலில் புரோமிலியாட் இருந்தால் அடித்துவிடுங்கள்.

வேரடி, 9 மார்ச்

1 மார்ச் குறிப்புக்கு ஒரு திருத்தம். மரச்சில்லு மரத்தடிக்கு மட்டும். மழைத்தோட்டத்தில் போட்டால் முதல் பெருமழையில் மிதந்துபோய் வழிவுக் குழியின் கம்பிமேல் அடைந்துகொள்ளும். அங்கே சிறு ஜல்லி மூடாக்குதான். செடிக்கு வெட்டிவேர், பென்னிசெட்டம் புல், சற்று மேடான விளிம்பில் செண்டுடோக். வெட்டிவேர் நனைந்தும் வாழும் காய்ந்தும் வாழும், மழைத்தோட்டத்துக்கு இரண்டும் வேண்டும். மழை விட்ட பத்து நாளில் அந்த மணல்மண் பாலைபோல் காய்ந்துவிடுமே.

புளோக்வாசி, 15 மார்ச்

வண்ணத்துப்பூச்சியை விட்டுவிட்டோமா?

தாழைமடல், 16 மார்ச்

விடவில்லை. பூ இருந்தால் வரும் என்பது பாதிதான். பூவுக்கு வருவது தேன் குடித்துவிட்டுப் போகும். தங்கவேண்டுமானால் புழு தின்னும் செடி வேண்டும், ஒவ்வோர் இனத்துக்கும் அது வேறு.

கறிவேப்பிலை, எலுமிச்சை: எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் காமன் மோர்மனும் முட்டையிடும். எட்டு முதல் பத்துச் செடிகளாவது வையுங்கள். ஒரே செடி என்றால் நாலு புழுவே மொட்டையடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். அக்கம்பக்கத்தார் இணுக்குப் பறிப்பதையும் கணக்கில் சேருங்கள்.
எருக்கு: பிளெயின் டைகர்.
அரிஸ்டோலோச்சியா அக்குமினாட்டா கொடி: காமன் ரோஸ். சிவந்த உடல், கருஞ்சிறகு, மெல்லப் பறக்கும், பிள்ளைகளுக்குக் காட்ட அருமையானது.
கிலுகிலுப்பை: காய்ந்த நெற்றுகளில் ஆண் டைகர், குரோ இனங்கள் மொய்த்து உறிஞ்சும். காய்ந்தது என்று வெட்டி எறியாதீர்கள்.
தேனுக்கு வெட்சி, சீமை நாயுருவி, லீயா. லீயாவின் சிறு பூவில் வெயிலேறும் நேரத்தில் பாருங்கள், வண்ணத்துப்பூச்சி, தேனீ, குளவி என்று ஒரு சந்தையே கூடும்.

இடம்: காலை வெயில் 4 மணி நேரமாவது வேண்டும், காற்று குறைவாக. உங்கள் திடலில் அது வடமேற்கு மூலை.

தாழைமடல், 19 மார்ச்

எருக்கு பற்றி மறுயோசனை. அதன் பால் கண்ணில் பட்டால் கேடு. விளையாட்டிடத்திலிருந்து தூரமாக, பாதையிலிருந்து 2 மீட்டர் உள்ளே, முன்னால் வெட்சி வேலி வைத்து நடுங்கள். அரிஸ்டோலோச்சியாவும் நஞ்சுதான், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூலிகை என்று யாரும் பறித்துக் காய்ச்சாதபடி நாலு மொழியிலும் பலகை வேண்டும்.

வேரடி, 20 மார்ச்

பலகை என்றதும் இது. புழு தின்ற இலையைப் பார்த்ததும் "செடிக்கு நோய்" என்று புகார் போகும், மறுநாள் மருந்தடிப்பார்கள், தோட்டம் அதோடு முடிந்தது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுத்தில் போடுங்கள்: இந்தப் பாத்தியில் பூச்சிக்கொல்லி கிடையாது, ஓட்டை இலை குறையன்று, காய்ந்த நெற்று நிற்கட்டும்.

ஒப்பந்தத்தை வெட்டுக்கத்தி பிடிப்பவர் படிப்பதில்லை. புல் வெட்டும் தோழர்களில் நிறையப் பேர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள். பாத்தி மூலையில் மஞ்சள் வண்ணம் பூசிய கழி, படம், தமிழிலும் வங்காளத்திலும் "வெட்டாதீர்" என்ற ஒரு சொல். முடிந்தால் முதல் நாள் அவர்களோடு நின்று புழுவைக் காட்டுங்கள். பாத்தியைக் காப்பவர்கள் அவர்கள்தான்.

புளோக்வாசி, 2 ஏப்ரல்

முதியவர்கள் கேட்டது: உட்கார இடம். இப்போது உள்ளவை முதுகில்லாத கல் திண்ணைகள்.

வடிகால், 3 ஏப்ரல்

இருக்கை உயரம் 450 மி.மீ., முதுகுச்சாய்வு, இரண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி எழுந்திருக்கத்தான், ஊன்றி எழ முடியாதவர் உட்காரவே மாட்டார். இரண்டு இருக்கைகளை 'ட' வடிவில் வையுங்கள், முகம் பார்த்துப் பேசலாம். நடுவே சக்கர நாற்காலி நிற்க ஒரு மீட்டருக்குமேல் தளமிட்ட இடம். பாதை 1.5 மீட்டர் அகலம், சாய்வு 1:12ஐவிடச் செங்குத்தாக வேண்டாம். உதிரி ஜல்லிப் பாதை கூடாது, நடைவண்டியின் முன்சக்கரம் புதையும்.

விளக்கு: பாதைக்கு மட்டும், கீழ்நோக்கி மறைப்புள்ளது, 3000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சளொளி. மரத்துக்குள் பாய்ச்சும் அலங்கார விளக்கைத் தவிருங்கள்.

புளோக்வாசி, 4 ஏப்ரல்

ரப்பர் தளம் இனித் தேவையா? மரக்கட்டை, பாறை வைத்து இயற்கை விளையாட்டிடம் என்று ஒருவர் படம் காட்டினார்.

வேரடி, 4 ஏப்ரல்

ஏறி விழும் கருவியின் கீழே ரப்பர் இருக்கட்டும். கிழிந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போடலாம். நிழல் வந்தபின் அதன் ஆயுளும் கூடும், வெயிலே அதைப் பொடியாக்குகிறது. பக்கத்தில் தாழ்வான கட்டைகள் வைக்கலாம்: விளிம்பு உருட்டியது, அசையாமல் புதைத்தது. இரு கட்டைகளுக்கு இடையில் 89 முதல் 230 மி.மீ. வரையான இடுக்கு வரக்கூடாது, குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டும் அளவு அது. அதைவிடச் சிறிதாகவோ பெரிதாகவோ வையுங்கள். கட்டை கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருப்புளியால் குத்திப் பார்த்து, உள்ளே மெத்தென்றால் மாற்றுங்கள்.

தாழைமடல், 11 ஏப்ரல்

புறாவுக்கு ரொட்டி போடுபவர் இருப்பாரே? 2020 ஜூனிலிருந்து வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், காட்டுப்பறவை எதற்கும் இரை போடக்கூடாது. சண்டை போட வேண்டாம். பறவை பார்க்கத்தான் அவர் வருகிறார். சலாம் மரத்தை நோக்கி ஓர் இருக்கை போடுங்கள், காலை 7.30க்கு அங்கே வரச்சொல்லுங்கள்.

புளோக்வாசி, 18 ஆகஸ்ட்

நகர மன்றம் மழைத்தோட்டத்துக்கும் நான்கு மரங்களுக்கும் ஒப்புக்கொண்டது. வேலை எப்போது?

வடிகால், 18 ஆகஸ்ட்

மண்வேலை இப்போதே, செப்டம்பருக்குள். ஈரக் களிமண்ணில் இயந்திரம் ஏறினால் நீங்கள் சரிசெய்யப் போகும் இறுக்கத்தை நீங்களே உண்டாக்குவீர்கள். இயந்திரம் போகும் தடத்தை முன்பே கயிறு கட்டி ஒதுக்குங்கள்.

வேரடி, 19 ஆகஸ்ட்

மரம் அக்டோபர் கடைசியில். நவம்பர், டிசம்பர் மழை வேர் பிடிக்க உதவும். பிப்ரவரி வறட்சியில் வாரம் மூன்று தடவை, மரத்துக்கு 20 லிட்டர், மெதுவாக. இதற்கு ஆள் யார், குழாய் எங்கே என்பதை நடுமுன்பே முடிவு செய்யுங்கள். அருகில் குழாய் இல்லாததால் போன மரங்கள் ஏராளம்.

புளோக்வாசி, 2 நவம்பர்

நட்டாயிற்று. இரண்டு மகிழம், ஒரு சலாம், வடக்கே ஒரு தெம்புசு. ஒரு மகிழத்தின் தூர் பைக்குள் 9 செ.மீ. புதைந்திருந்தது. விலக்கி நட்டோம். குழாய் இரண்டாம் புளோக்கின் கீழ்த்தளத்தில், 35 மீட்டர் ரப்பர் குழாய் வாங்கியிருக்கிறோம். தண்ணீர் ஊற்றும் முறைவைக்கு ஏழு வீட்டார் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

வேரடி, 2 நவம்பர்

9 செ.மீ. புதைந்த அந்த மகிழத்தைத் தனியாகக் கவனியுங்கள். புதைந்த பகுதியிலிருந்து மேல்நோக்கி முளைத்த சிறுவேர்கள் தண்டைச் சுற்றியிருந்தால் இப்போதே வெட்டிவிடுங்கள், விரலளவு பருத்தபின் கடினம். முட்டுக்கம்பை அவிழ்க்கும் தேதியையும் அந்த முறைவைத் தாளிலேயே எழுதி ஒட்டுங்கள்.